டேடோனாவில் தொலைந்த ஹாலி: ஒரு வளர்ப்புப் பூனை மீண்டது எப்படி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டேடோனா பீச் நகரில், 2012 நவம்பர் தொடக்கத்தில் ஹாலி என்னும் நான்கு வயதுப் பெண் பூனை தொலைந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளன்று, அங்கிருந்து ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தெற்கே, தன் குடும்பம் வசிக்கும் வெஸ்ட் பாம் பீச் நகரில், யாரோ ஒருவர் வீட்டுப் பின்தோட்டத்தில் நிற்கவும் தெம்பில்லாமல் தள்ளாடிய நிலையில் அது கண்ணில் பட்டது. 2013 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதை விரிவாக எழுதிய பிறகு செய்தி உலகெங்கும் பரவியது. எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இந்தப் பூனைக்கு வழி எப்படித் தெரிந்தது?

நல்ல கேள்விதான், அதற்குச் சொல்லப்பட்ட விடைகளையும் பார்க்கப்போகிறோம். ஆனால், பூனையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவருக்குப் பயன்படக்கூடிய செய்திகள் அந்த நெடும்பயணத்தில் அதிகம் இல்லை என்பது என் கருத்து. அவை பயணத்தின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. தொலைந்த முதல் இரண்டு வாரங்களில் டேடோனாவில் நடந்தவை ஒரு முனை. சொந்த வீட்டுக்கு ஒரு மைல், அதாவது சுமார் 1.6 கிலோமீட்டர், மிச்சமிருக்கையில் பூனை நடக்க முடியாமல் நின்றுபோன பிறகு நடந்தவை மறுமுனை. குடும்பத்தாரும் பூனையைக் கண்டெடுத்தவரும் பொதுவாழ்வில் இல்லாதவர்கள் என்பதால் அவர்களுடைய பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

பூனையின் பின்னணி

ஹாலியை வளர்த்தவர்கள் பணி ஓய்வு பெற்ற தம்பதியர். அவர்கள் குடியிருந்த பகுதியில் சுற்றித் திரிந்த, மனிதர்களிடம் ஒட்டாத ஒரு பூனைக்குப் பிறந்த குட்டி அது. யாரோ ஒருவருடைய வீட்டு ஏ.சி. இயந்திரத்துக்குள் தாய்ப்பூனை குட்டி போட்டிருந்தது. அந்த இயந்திரம் ஓடியபோது ஏற்பட்ட காயத்தின் தழும்புகள் ஹாலியின் வயிற்றில் இருந்தன என்று வளர்த்தவர் கூறியிருக்கிறார். சுமார் ஆறு வார வயதில் தானாகவே இவர்களுடைய கார் நிறுத்துமிடத்துக்குள் நடந்து வந்து, வீட்டுப் பெரியவர் ஒருவரின் மடியில் ஏறிக்கொண்டதாம். அதன் பிறகு முழுக்க வீட்டுக்குள் வளர்ந்த பூனைதான். எப்போதாவது ஓணானைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடியதோடு சரி.

நிகழ்வு நடந்த ஆண்டில்தான் தம்பதியர் அதைப் பயணங்களுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியிருந்தார்கள். விடுதி அறை, மரக்குடில், கேரவன் எதுவானாலும் ஹாலி முரண்டு பிடிக்கவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும்: புதிய அறைக்குள் அமைதியாக இருக்கும் பூனை அந்த அறைக்கு வெளியேயும் அமைதியாக இருக்கும் என்று கொள்வதற்கு இடமில்லை. அறைக்குள் அதற்குப் பழகிய மனிதர்களின் வாடை இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டும் மணல் தொட்டியும் இருக்கின்றன. கதவைத் தாண்டிய கணத்தில் இவை அத்தனையும் பின்னால் போய்விடுகின்றன.

கதவு திறந்த இரவு

டேடோனா சர்வதேச கார் பந்தயத் திடலை ஒட்டி கேரவன் உரிமையாளர்களின் பெருங்கூடுகை ஒன்று நடந்தது. சுமார் 3,000 வண்டிகள் வந்திருந்தன. ஓர் இரவு, உடன் வந்திருந்த மூதாட்டி வண்டிக் கதவைத் திறந்தபோது ஹாலி பாய்ந்து வெளியே ஓடியது. அதற்கு மறுநாள் வாணவேடிக்கை நடந்தது. இந்த வரிசை முக்கியமானது. பின்னால் வந்த பல செய்திகள் வெடிச்சத்தத்தில் பயந்து பூனை ஓடியதாகச் சுருக்கிவிட்டன. குடும்பத்தார் சொன்னபடி, முதலில் நடந்தது கதவு திறந்தது. வெடிச்சத்தம் ஏற்கெனவே வெளியே பதுங்கியிருந்த பூனையை மேலும் விரட்டியிருக்கலாம் என்பதுதான் அவர்கள் ஊகம். தேடுகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. கதவின் வழியே நழுவிய பூனை பெரும்பாலும் மிக அருகிலேயே இருக்கும். வெடிச்சத்தத்தால் கிலி பிடித்த பூனை ஒரே மூச்சில் வெகுதூரம் ஓடக்கூடும், தீபாவளி நாட்களில் நம் ஊர்களில் நாயும் பூனையும் தொலைவது இப்படித்தான். ஹாலியின் விஷயத்தில் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் நேர்ந்துவிட்டன. ஆகவே முதல் இரவின் தேடலே எல்லாவற்றையும்விட விலைமதிப்புள்ளதாக இருந்திருக்கும்.

தொலைந்த பூனைகள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதற்கு 2018இல் 'அனிமல்ஸ்' என்னும் ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு நல்ல அளவுகோல். தொலைந்துபோன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து செய்யப்பட்டது அது. கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளில் 75 விழுக்காடு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் கிடைத்தன. வெளியே போய்வரும் பழக்கமுள்ள பூனைகளையும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைகளையும் பிரித்துப் பார்த்தபோது வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. முதல் வகையில் 75 விழுக்காடு 1,609 மீட்டருக்குள்ளும், இரண்டாம் வகையில் 75 விழுக்காடு வெறும் 137 மீட்டருக்குள்ளும் அகப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு ஏழு நாட்களுக்குள் மீண்டன. ஓராண்டுக்குள் 61 விழுக்காடு உயிரோடு கிடைத்தன. 90 நாட்களுக்குப் பிறகு உயிரோடு கிடைத்தவை மிகச் சிலவே. ஹாலி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 137 மீட்டரையும் 320 கிலோமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த நிகழ்வை யாரும் முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்பது விளங்கும். 'பூனைக்கு வழி தெரியும், தானாக வந்துவிடும்' என்று காத்திருக்க ஹாலியின் கதையைச் சான்றாகக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஆபத்தான வாசிப்பு.

தானாகத் திரும்புவது அரிது என்று இதற்குப் பொருள் இல்லை. 2010இல் அமெரிக்காவில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான தொலைபேசி ஆய்வில், தொலைந்த பூனைகளில் 75 விழுக்காடு மீண்டன, மீண்ட வழிகளில் மிகப் பொதுவானது பூனை தானே திரும்பி வந்ததுதான். ஆனால், தானே திரும்பி வருவதற்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து தொலைந்த பூனைக்கு அந்த வாசல், அந்தப் படிக்கட்டு, அந்தச் சமையலறை வாடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. கேரவனிலிருந்து தொலைந்த பூனைக்கு வீடே சக்கரத்தின் மேல் இருக்கிறது. கூடுகை முடிந்ததும் 3,000 வண்டிகளும் கிளம்பிவிட்டன. குடும்பத்தாரும் சில நாட்கள் தேடி, நோட்டீஸ் ஒட்டி, விலங்கு நல அமைப்புகளுக்குச் சொல்லிவைத்து, வேறு வழியின்றி ஊர் திரும்பினார்கள். பூனை பதுங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே வந்து பார்த்திருந்தால் அங்கே எதிரில் இருந்திருக்கக்கூடியது வெறும் புல்தரையும் தார்த்தரையும்தான். பயணத்தில் தொலையும் பூனைகளை மீட்பதில் மிகக் கடினமான முடிச்சு இதுவே என்று நினைக்கிறேன்.

இடமும் எளிதான இடமன்று. பந்தயப் பாதை மட்டுமே நான்கு கிலோமீட்டர் நீளம். அதைச் சுற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் இருக்கை வரிசைகள், அவற்றின் அடியில் இரும்புத் தூண்களும் கேபிள் பாதைகளும் கிடங்குகளும். அறியாத இடத்தில் தப்பிய வீட்டுப் பூனை கிடைத்த முதல் மறைவில் புகுந்து, மூச்சுக்காட்டாமல் கிடக்கும். வளர்த்தவரே பெயர் சொல்லி அழைத்தபடி இரண்டடி தள்ளி நடந்துபோனாலும் குரல் கொடுக்காது. குரல் கொடுத்தால் இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதே அந்த நேரத்தில் அதன் கணக்கு. ஆகவே கூப்பிட்டுக்கொண்டே வட்டமடிப்பதால் பெரிய பலன் இல்லை. நள்ளிரவுக்கு மேல், சந்தடி அடங்கிய பிறகு, டார்ச்சைத் தன் கண்மட்டத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியின் அடியிலும், சக்கர இடுக்கிலும், சாமான் அறையிலும் ஒளியை ஓட்ட வேண்டும். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், உடல் தெரியாத இருட்டிலும் இரண்டு கண்கள் பச்சையாக மின்னிவிடும். பக்கத்து வண்டிக்காரரிடம் 'பூனையைப் பார்த்தீர்களா' என்று கேட்பதைவிட 'உங்கள் வண்டிக்கு அடியில் நானே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டுமா' என்று கேட்பது நல்லது. மேற்சொன்ன 2018 ஆய்விலும், நேரில் இறங்கித் தேடியதற்கும் பூனை உயிரோடு கிடைத்ததற்கும் தொடர்பிருப்பதற்கான அறிகுறி தென்பட்டது.

இரண்டு வாரம் கழித்து வந்த தகவல்

குடும்பத்தார் ஊர் திரும்பி, பூனை தொலைந்து இரண்டு வாரங்கள் ஆனபோது, டேடோனாவிலிருந்து விலங்கு மீட்புப் பணியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அங்குள்ள ஓர் உணவகத்தின் பின்புறம் ஊழியர்கள் தெருப்பூனைகளுக்குச் சாப்பாடு வைப்பது வழக்கம். அங்கே ஹாலியைப் போன்ற ஒரு பூனை வந்து தின்றுவிட்டுப் போனதாகத் தகவல்.

செய்திக் கட்டுரைகளில் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். முன்னாள் காவல்துறை அதிகாரியும் மோப்ப நாய்ப் பயிற்சியாளருமான காட் ஆல்பிரெக்ட், தொலைந்த வளர்ப்பு விலங்குகளைத் தேடும் முறையைத் துறையாகவே வளர்த்தவர். மேற்சொன்ன 2018 ஆய்விலும் அவர் பங்கேற்றிருக்கிறார். பதுங்கிக் கிடக்கும் பூனையின் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அவருடைய அனுபவக் கணிப்பு: பசியும் தாகமும் பயத்தை மிஞ்சும் வரை அது அசையாது; மிஞ்சியதும், பெரும்பாலும் 10 முதல் 12 நாட்களில், மறைவை விட்டு வெளியே வந்து குரல் கொடுக்கும், வாசலுக்குத் திரும்பும், அல்லது பொறிக்கூண்டில் உள்ள உணவைத் தேடி வரும். இரண்டாம் வார முடிவில், தெருப்பூனைகளுக்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் ஹாலி தலைகாட்டியது என்றால், அது இந்தக் கணிப்போடு அப்படியே பொருந்துகிறது. ஆகவே அந்தத் தகவலை நான் பெரும்பாலும் நம்புகிறேன்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ஹாலியின் உடல் கறுப்பும் பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்தது. இந்த வகை நிறம் ஏறத்தாழ எப்போதும் பெண் பூனைகளுக்கே வரும். பெண்ணுக்குள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கறுப்பையும் மற்றொன்று செம்பழுப்பையும் சுமக்க, கருவில் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டில் ஏதோ ஒன்று தற்செயலாக அடங்கிப்போவதால் திட்டுகள் உண்டாகின்றன. தற்செயலாக அமைவதால் எந்த இரண்டு பூனைக்கும் திட்டுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. நல்ல புகைப்படம் ஒன்று இருந்தால் ஹாலியா இல்லையா என்று அப்போதே தீர்த்திருக்கலாம். இரவில் தூரத்திலிருந்து பார்த்தால் இந்த நிறப் பூனைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இத்தகைய தகவல் வந்தவுடன் செய்ய வேண்டியது பலருக்குத் தெரிவதில்லை. சாப்பாடு வைப்பவர்களிடம் எந்த நேரத்தில் வைக்கிறார்கள் என்று கேட்டு, அந்த இடத்தில் அசைவைக் கண்டு தானாகப் படமெடுக்கும் கேமரா ஒன்றைக் கட்டிவைத்து, வருவது நம் பூனைதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உறுதியானதும், வழக்கமான சாப்பாட்டை அந்த ஒரு வேளைக்கு நிறுத்தச் சொல்லி, அதே இடத்தில் அதே நேரத்தில் பொறிக்கூண்டுக்குள் உணவை வைக்க வேண்டும். கூண்டுக்குப் பக்கத்தில் ஆள் இருந்து கண்காணிப்பது அவசியம். வெயிலில் மணிக்கணக்கில் கூண்டுக்குள் அகப்பட்ட பூனை உயிருக்கே ஆபத்து. ஓடிப்போய்க் கையால் பிடிக்க முயல்வதுதான் இந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம், ஏனெனில் அந்த உணவிடமும் அதற்கு அச்சமூட்டும் இடமாகிவிடும். குடும்பம் மூன்று மணி நேரக் கார்ப் பயண தூரத்தில் இருக்கும்போது இவற்றை யார் செய்வது என்பது வேறு சிக்கல். உள்ளூரில் தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பவரைத் தெரிந்து வைத்திருப்பது அங்கேதான் கைகொடுக்கும். ஒரு பகுதியில் எந்தப் பூனை பழையது, எந்தப் பூனை புதிதாக வந்தது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

தெற்கு நோக்கிய வழி

டேடோனாவில் கண்ட பூனை ஹாலிதான் என்றால், மிச்சமிருந்த ஆறு வாரங்களில் 320 கிலோமீட்டரைக் கடந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர். அது வேறு பூனை என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரங்கள், நாளொன்றுக்கு ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. கால்களுக்கு இது முடியாத வேலை அன்று. ஆனால் வளர்ப்புப் பூனைகளின் வழக்கத்துக்கு முற்றிலும் புறம்பானது: ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜி.பி.எஸ். கருவி கட்டி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு பூனை உலவிய பரப்பு சராசரியாக 3.6 ஹெக்டேர்தான், பெரும்பாலானவை தங்கள் நேரத்தில் ஏறத்தாழ முழுவதையும் வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே கழித்தன.

பூனை வீடு திரும்பும் திறனைப் பற்றிய நேரடிச் சோதனைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1922இல் அமெரிக்க உயிரியலாளர் பிரான்சிஸ் ஹெரிக், குட்டிகளை ஈன்ற ஒரு தாய்ப்பூனையை 1.6 முதல் 6.4 கிலோமீட்டர் வரையிலான தூரங்களில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அது குட்டிகளிடம் திரும்பி வந்தது. 1954இல் ஜெர்மனியில் பிரெக்ட், லிண்டன்லாப் ஆகிய இருவர், மூடிய வட்ட அரங்கில் 15 டிகிரிக்கு ஒரு வழி வைத்து, பூனைகள் எந்த வழியாக வெளியேறுகின்றன என்று கவனித்தார்கள். வீட்டுத் திசையில் இருந்த வழியைத்தான் பூனைகள் அதிகம் தேர்ந்தெடுத்தன, ஆனால் வீடு ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தபோதே அது நம்பகமாக அமைந்தது. 320 கிலோமீட்டருக்கு இந்த இரண்டு சோதனைகளும் விளக்கம் தராது.

நியூயார்க் டைம்ஸ் கேட்ட அறிஞர்கள் ஆளுக்கொரு சாத்தியத்தைச் சொன்னார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் பிராட்ஷாவும் கேம்பிரிட்ஜின் பேட்ரிக் பேட்சனும், பூனை நெடுந்தொலைவு வாடையை உணரக்கூடியது, ஆகவே காற்று எந்தத் திசையிலிருந்து எந்த வாடையைக் கொண்டுவருகிறது என்பதைக் கொண்டு திசை அறியலாம் என்றார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த விலங்கு நடத்தை வல்லுநர் பீட்டர் போர்ச்செல்ட், கடலை இடப்பக்கமும் 95ஆம் எண் நெடுஞ்சாலையை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு கரையோரமாகவே ஹாலி போயிருக்கலாமோ என்று ஐயுற்றார். அந்த நெடுஞ்சாலையில் தெற்கே போகும் ஏதாவது லாரியின் என்ஜின் மூடிக்கு அடியில் ஒண்டிக்கொண்டு சிறிது தூரம் வந்திருக்கலாம் என்பது பிராட்ஷாவின் இன்னோர் ஊகம்.

நிலப்படத்தை வைத்துக்கொண்டு பார்க்கும்போது எனக்கு இந்தக் கடைசி ஊகத்தை ஒதுக்க மனம் வரவில்லை. புளோரிடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்டூவர்ட் நகரிலிருந்து ஒகிச்சோபி ஏரி வழியாக மேற்குக் கரையிலுள்ள போர்ட் மையர்ஸ் வரை, மாநிலத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு நீர்வழி ஓடுகிறது. டேடோனா அதற்கு வடக்கே, வெஸ்ட் பாம் பீச் அதற்குத் தெற்கே. அதைச் சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை. ஆகவே ஹாலி ஏதோ ஓரிடத்தில் வாகனங்கள் விரையும் ஒரு பாலத்தை நடந்து கடந்திருக்க வேண்டும், நீந்தியிருக்க வேண்டும், அல்லது ஏதாவது ஒரு வண்டியில் கடந்திருக்க வேண்டும். நள்ளிரவில் நடந்து கடப்பதும் சாத்தியம்தான்.

மறுபக்கத்தில் உடலின் சான்று இருக்கிறது. 13.5 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்குச் சற்று மேல் இருந்த பூனை 7 பவுண்டாக, மூன்று கிலோ சொச்சமாக இளைத்திருந்தது. பாதங்களின் அடிச்சதை கசிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. முன்கால் நகங்கள் கூர்மையாக இருக்க, பின்கால் நகங்கள் மட்டும் வேரோடு தேய்ந்து போயிருந்தன. பூனை நடக்கும்போது உந்தித் தள்ளுவது பின்கால்கள்; முன்கால் நகங்கள் பிறாண்டவும் கிழிக்கவும் பயன்படுகின்றன. கெட்டியான தரையில் நெடுந்தூரம் நடந்தால் இந்த விதமாகத்தான் தேயும் என்று அறிஞர்கள் கூறினார்கள். சோதித்த கால்நடை மருத்துவரும், அறியாதவர்களிடம் மிரண்ட பூனை யாரிடமும் ஒண்டிச் சவாரி கேட்டிருக்காது, தானாகவே நடந்து வந்திருக்கும் என்று கருதினார். ஒட்டுண்ணியோ இதயப்புழுவோ வைரஸ் நோயோ இல்லை என்பதும் அவர் கண்டவற்றில் அடங்கும். இதில் இதயப்புழு இல்லை என்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொசுக் கடித்து, உள்ளே போன புழு வளர்ந்து, சோதனையில் தெரிய மாதக்கணக்கில் ஆகும். இரண்டு மாதம் போதாது. ஒன்று மட்டும் உறுதி: வழியில் அது ஏதோ தின்றுகொண்டுதான் வந்திருக்கிறது. கொழுத்த பூனை ஒரு வாரம் போலத் தொடர்ந்து பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெக்காஃப் சொன்னதுபோல, வீட்டுக்குள் வளர்வதால் எலி பிடிக்கும் குணம் அற்றுப்போவதில்லை.

கடைசி 1.6 கிலோமீட்டர்

டிசம்பர் 31 அன்று வெஸ்ட் பாம் பீச்சில் ஒரு பெண்மணி தன் வீட்டுப் பின்தோட்டத்தில், மியாவ் என்று கத்தவும் திராணியற்ற பூனை ஒன்றைக் கண்டார். அவரும் அவருடைய பிள்ளைகளும் ஆறு நாட்கள் அதற்கு வெளியிலேயே உணவும், பூனைக்கென்று விற்கும் தனிப் பாலும் வைத்துப் பழக்கினார்கள். கடைசியில் அது வீட்டுக்குள் வந்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் சாதாரணப் பசும்பால் செரிக்காது. நலிந்த பூனைக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும் என்பதால், இந்தச் சிறு விவரம் அவர்களுடைய கவனத்தைக் காட்டுகிறது. பூனைக்குப் புதுப்பெயரும் வைத்தாயிற்று.

தொலைந்த பூனைகள் பல, இந்தக் கட்டத்தில்தான் நிரந்தரமாகத் தொலைகின்றன. எலும்பும் தோலுமாக, கிட்டே போனால் மிரளும் பூனையைப் பார்க்கிறவர், இதை யாரோ அடித்து விரட்டியிருக்கிறார்கள், அல்லது இது யாருக்கும் சொந்தமில்லாத தெருப்பூனை என்று முடிவு கட்டிவிடுகிறார். பிறகு உரிமையாளரைத் தேட வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. நல்ல மனத்தோடு தானே வளர்க்கத் தொடங்கிவிடுகிறார். ஜார்ஜியா பல்கலைக்கழகம் 55 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டி நடத்திய ஆய்வில், நான்கு பூனைகள் இன்னொரு வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டுக் கொஞ்சலும் வாங்கிவந்தது தெரியவந்தது. அந்த இரண்டாம் வீட்டார் தங்களுடைய பூனை என்றே நினைத்திருப்பார்கள்.

இந்தப் பெண்மணி பூனையை மருத்துவரிடம் கொண்டுபோனார். அதைத் தானே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதால், கேட்கவே மனமில்லாமல்தான் கேட்டேன் என்று பின்னர் அவர் சொல்லியிருக்கிறார்: மைக்ரோசிப் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருந்தது: உரிமையாளரை அறிய உதவும் எண்ணோடு தோலுக்கடியில் பொருத்தப்படும் சிறு சிப். அவர் அழுதுவிட்டார். ஒரு மைல் தள்ளி வசித்த தம்பதியருக்குத் தகவல் போயிற்று. அவர்கள் வந்து, கணவர் தோளில் பூனையைத் தூக்கி வைத்ததும் அதன் உடல் உடனே தளர்ந்தது. 320 கிலோமீட்டரைக் கடந்த பூனை கடைசி மைலைத் தன் காலால் கடக்கவில்லை. அந்த மைலைக் கடக்க, மனமில்லாமல் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும் தோலுக்கடியில் கிடந்த ஓர் எண்ணும் தேவைப்பட்டன.

அந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் இருந்தது. செய்தியைக் கேட்டவுடன் பிராட்ஷா எழுப்பிய முதல் ஐயம், அது அதே பூனைதானா என்பது. இத்தகைய கதைகளில், தங்களுடைய பூனை திரும்பவேண்டும் என்ற ஏக்கத்தில் வேறொரு தெருப்பூனையைத் தங்களுடையதாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு என்பது அவர் கருத்து. ஹாலியின் விஷயத்தில் உடல் திட்டுகளும் மைக்ரோசிப்பும் சேர்ந்து அந்த ஐயத்தை அடைத்துவிட்டன. 1978இல் ஆஸ்திரேலியாவில் ஹோவி என்னும் பாரசீகப் பூனை 1,600 கிலோமீட்டர் கடந்து வீடு வந்ததாகச் சொல்லப்படும் கதையும், 1989இல் ரஷ்யாவில் முர்கா என்னும் பூனை வோரோனெஷிலிருந்து மாஸ்கோவுக்குத் திரும்பிய கதையும் இதைவிட வியப்பானவை. ஆனால் அந்தக் காலத்தில் மைக்ரோசிப் வழக்கத்தில் இல்லை.

மைக்ரோசிப்பைப் பற்றிப் பரவலாக உள்ள தவறான எண்ணம், அது பூனை இருக்கும் இடத்தைக் காட்டும் என்பது. காட்டாது. அரிசி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் பேட்டரியே கிடையாது. ஸ்கேனரை முதுகுப்பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவே கொண்டுவரும்போது, அந்த ஸ்கேனரின் அலையிலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே எந்தப் பெயரும் தொலைபேசியும் பதிவாகியிருக்கின்றன என்பது வேறொரு பதிவேட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், மைக்ரோசிப் உள்ள பூனைகளில் 38.5 விழுக்காடு உரிமையாளரிடம் திரும்பின. காப்பகத்துக்கு வந்த பூனைகளை ஒட்டுமொத்தமாக எடுத்தால் அந்த அளவு 1.8 விழுக்காடுதான். சிப் இருந்தும் உரிமையாளரை எட்ட முடியாமல் போனதற்கு அந்த ஆய்வு கண்ட முதன்மைக் காரணம், பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோல்விகளுக்கு அதுவே காரணம்.

ஸ்கேனரிலும் ஒரு வேறுபாடு உண்டு. உலகின் பெரும்பகுதியில் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் பேசும் 15 இலக்கச் சிப்புகள் தரநிலையாக இருக்க, அமெரிக்காவில் நெடுங்காலம் 125 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளே மிகுதியாகப் பயன்பட்டன. ஒன்றை மட்டும் படிக்கும் ஸ்கேனர் மற்றதைக் காணாது. பூனைக்குச் சிப் இல்லை என்றே சொல்லிவிடும். சிப் சில சமயம் தோளிலிருந்து நழுவி முன்காலுக்கோ மார்புக்கோ இறங்கியிருப்பதும் உண்டு. ஆகவே கண்டெடுத்த பூனையைச் சோதிக்கச் சொல்கிறவர், எல்லா வகைச் சிப்பையும் படிக்கும் ஸ்கேனரா என்று கேட்டு, கழுத்து முதல் முன்கால் வரை இரு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பூனை வளர்க்கிறவர், ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போது அதே ஸ்கேனரால் தன் பூனையின் எண்ணைப் படிக்கச் சொல்லி, வீடோ செல்பேசி எண்ணோ மாறியிருந்தால் பதிவேட்டில் அன்றைக்கே திருத்திக்கொள்ளலாம். பயணம் கிளம்புவதற்கு முன், உடன் வருபவர் ஒருவருடைய எண்ணையும் இரண்டாவது தொடர்பாகச் சேர்த்துவிடலாம்.